வலக்காதின் வெட்டு

முப்பத்தேழு வருஷமாகக்
கதவோரத்து இருக்கைதான் எனக்கு.
அப்பாவும் இங்கிருந்துதான்
கல்லறைக்குப் போனார்.
வருஷத்துக்கு இரண்டு தடவை
முன்னால் நீளமாக வெள்ளைத் துணி விரிப்பார்கள்.
டோலினா என் பக்கத்திலிருந்து எழுந்து
அங்கே போவாள்.
அவள் கொடுத்துவிட்டுப் போன புதினா மிட்டாய்
என் உள்ளங்கையில் பிசுபிசுக்கும்.

லூயிஸ் தீவில் இது அதிசயமில்லை.
ஞாயிறு தவறாமல் வருவோம்,
ஆலயக் கூரைக்கு ஓடு மாற்றுவோம்,
போதகர் வீட்டு அடுப்புக்குச் சேற்றுக்கரி வெட்டிக் கொடுப்போம்,
அப்பத்தை மட்டும் தொடமாட்டோம்.
அபாத்திரன் அதைத் தின்றால்
தன் தீர்ப்பையே தின்கிறான் என்பது
பால்பல் விழும் முன்பே
எங்களுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை கேள்வி நாள்.
மூப்பர் ஒருவர் எழுந்து கேட்பார்:
தேவனுடையவர்கள் மேல்
என்னென்ன அடையாளங்கள் உண்டு?
பாவத்தின் மேல் அருவருப்பு என்பார் ஒருவர்.
ஜெபத்தில் கண்ணீர் என்பார் இன்னொருவர்.
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் டார்க்வில்
தொண்டையைச் செருமிக்கொண்டு,
"இல்லையோ என்ற பயம்" என்றார்.
அது மட்டும் என்னிடம் இருந்தது,
மூட்டை மூட்டையாக.

ராத்திரி படுத்துக்கொண்டு
என்னையே தடவித் தேடுவேன்,
சாவி தொலைத்தவன் சட்டைப்பையைத் தேடுவதுபோல.
கண்ணீர்? அம்மா இறந்தபோது கொஞ்சம்.
அருவருப்பு? அடுத்தவர் பாவத்தின் மேல் தாராளமாக.
ஜெபம்? பாதியில் தூக்கம்.
இருட்டில் டோலினா சொன்னாள்:
"உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால்
நீதான் தெரிவாய், இவாண்டர்."
சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள்.
குறட்டை வேறு.

செப்டம்பர் கடைசியில் மந்தை சேர்ப்பு.
மேட்டுச் சதுப்பிலிருந்து நாய்கள் ஓட்டிவர
இருநூறு ஆடுகள், மழை,
ஈரக் கம்பளியின் வீச்சம்.
அதில் ஒன்று
மூன்று குளிர்காலமாகக் கண்ணில் படாதது.
கத்தரி காணாத ரோமம் தரையில் இழுபட,
முதுகில் பூசிய நீலம்
எந்த மழையிலோ கரைந்துபோக,
கிழிந்த மெத்தை ஒன்று
நடந்து வந்ததுபோல் இருந்தது.

"யாருடையது?" என்றான் பக்கத்து நிலத்து ருவாரி.
"யாருடையதும் இல்லைபோல."
அதுவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.
உதைத்தது.
முழங்காலுக்குக் கீழே கன்றிப்போனது,
அந்தப் பழைய நீலத்தில்.

கழுத்தை இடுக்கிக்கொண்டு
சிக்குப்பிடித்த ரோமத்தை விலக்கி
வலக்காதைப் பிடித்தேன்.
பின்விளிம்பில் விரல் நுழைந்தது.
ஒரு வெட்டு.
குட்டியாய் இருந்தபோது நான் போட்டது.
கண்ணால் பார்க்கக்கூட இல்லை,
விரலுக்குத் தெரியும்.
"என்னுடையது" என்றேன்.
திமிறிக்கொண்டேதான் இருந்தது அது,
என் கைக்குள்.

மழைக்கோட்டுக்குள் தண்ணீர் இறங்க இறங்க
மடையனைப்போல நின்றேன்.
எந்த ஆடு
தன் காதைத் தானே பார்த்திருக்கிறது?

பேரொளி ஒன்றும் இல்லை.
"காலில் அடியா?" என்றான் ருவாரி.
நாய் வந்து என் மேலேயே
உடம்பை உதறிக்கொண்டது.

சனிக்கிழமை மூப்பர்கள் முன் நின்றேன்.
"என்ன அடையாளம் கண்டீர்?"
"ஒன்றும் காணவில்லை.
தேடுகிற வேலை என்னுடையதல்ல என்று மட்டும் தெரிந்தது."
யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
வெகுநேரம் சுவர்க் கடிகாரம்தான் பேசியது.
பிறகு டார்க்வில் அந்த ஈய வில்லையை
மேசைமேல் என் பக்கம் தள்ளினார்,
பழைய கடனைத் திருப்புகிறவர்போல,
முகத்தைப் பாராமல்.

ஞாயிறு டோலினா எழுந்தாள்.
நானும் எழுந்தேன்.
அவள் திரும்பவில்லை,
பின்னால் காலடி கேட்டு
நடையை மட்டும் குறைத்தாள்.
கேலிக்கில் சங்கீதம்
ஒரு தொண்டையில் புறப்பட்டு
எல்லாத் தொண்டையிலும் கரையேறியது.
கடை ரொட்டிதான். கொஞ்சம் காய்ந்திருந்தது.
கை நடுங்கியது.
நடுங்கின கையிலேயே வைத்தார்கள்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.
நேற்று ராத்திரிகூட வந்தது,
கட்டில் பக்கத்தில் நின்று
அடையாளம் எங்கே என்றது.
நான் காதைத் தடவிப் பார்க்கவில்லை.
தூங்கிப்போனேன்.