ஐந்தாம் கேள்வி

ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம்
எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.
அதன் பிறகுதான் பரீட்சை, அதன் பிறகுதான் லைசென்ஸ்.
என் கணக்கில் இதுவரை முந்நூற்று முப்பத்தாறே முக்கால்.
சஜ்ஜா கேம்ப்பிலும் ஓவர்டைமை இப்படித்தான்
கால், அரை விடாமல் குறித்து வைக்கிறார்கள்.
நான் எக்செல்லில்,
அவர்கள் கட்டில் கம்பியில் கட்டிய காலண்டரில்.

ஷார்ஜாவில் பிறந்தவள்.
மனதைப் படித்தது ஆங்கிலத்தில்.
தமிழ் எனக்கு வீட்டளவு:
சாப்பிட்டியா, தூங்கு, செருப்பைக் கழற்று,
ஏன் மூஞ்சி தொங்குது.
மன அழுத்தம் என்று வாசித்தால்
எனக்கே குக்கர்தான் ஞாபகம் வருகிறது.

வியாழக்கிழமை வகுப்பில் ஜோடி சேர்ந்து நடிப்போம்.
ஒருத்தி நோயாளி, ஒருத்தி நிபுணர்.
சின்னக் கவலையாகக் கொண்டுவா என்பது விதி.
பக்கத்து ஃபிளாட் வாஷிங் மெஷின் சத்தம் என்றேன்.
மெஹ்ரீன் தலையசைத்தாள்.
ஒன்றும் சொல்லாமல் பன்னிரண்டு விநாடி இருந்தாள்.
பதின்மூன்றாவதில்
நான் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.
மௌனம் ஒரு கருவி என்று நோட்டில் இருந்தது.
பிடி எந்தப் பக்கம் என்று இல்லை.

ஞாயிறு. போர்ட்டாகேபின்.
ஏசிக்குக் கீழே ஒரு பக்கெட்.
அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.
கிரேன் ஓட்டுகிறவர் என்பதையும்
மாற்றித்தான் சொல்கிறேன்.
ஒன்பது கேள்விகள், பூஜ்யம் முதல் மூன்று வரை.

"எதிலும் நாட்டமின்மை?"
"நாட்டாமையா மேடம்? ஃபோர்மேனைச் சொல்றீங்களா?"

"நம்பிக்கை இழந்த மாதிரி?"
"விசா இன்னும் ஏழு மாசம் இருக்குங்க."

தூக்கம் எப்படி என்றேன்.
"எட்டுப் பேரு, ரெண்டு ஷிப்டு.
என் தூக்கம் யாராச்சும் ஒருத்தர்கிட்ட இருக்கும்."

ஐந்தாவது, பசி.
நிம்மதியாக இருந்தது, இந்தத் தமிழ் எனக்குத் தெரியும்.
"சாப்பிட்டீங்களா?"
"ஆச்சுங்க."
பூஜ்யம் போட்டேன்.

பேனாவை எடுக்கும்போதுதான் உறைத்தது.
இந்தக் கேள்விக்கு யாரும்
இல்லை என்று சொல்லிக் கேட்டதில்லை.
கேட்பதும் வணக்கம், பதிலும் வணக்கம்.
அப்பா ரிட்டயராகிப் பாளையங்கோட்டை போனதிலிருந்து
அம்மாவின் போனுக்கு நானும் தினம்
ஆச்சு, ஆச்சும்மா, ஆச்சு.

பன்னிரண்டு விநாடி.
பக்கெட்டில் சொட்டு விழுந்தது.

"என்ன சாப்பிட்டீங்க?"

பூட்ஸ் நுனியைப் பார்த்தார்.
"வெள்ளிக்கிழமை குப்பூஸ் வாங்கினேன் மேடம்.
அப்படியே இருக்கு.
எறும்பு வராம கட்டித் தொங்கவிட்டிருக்கேன்."

பூஜ்யத்தை அடித்தேன்.
அடித்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன்.
மீதிக் கேள்விகளைத் தாளைப் பார்க்காமல் கேட்டேன்.
ஒன்பதாவதை மட்டும் இரண்டு தரம்.

கதவுவரை போனவர் கேட்டார்:
"நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?"

தன்னைப் பற்றிப் பேசாதே:
முதல் செமஸ்டர், மூன்றாம் பாடம்.
கேள்வியைக் கேட்டவரிடமே திருப்பிக் கொடு.
ஏன் கொடுக்கவில்லை என்று
நாளை டாக்டர் லுப்னா கேட்பார்.

"இல்லைங்க," என்றேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எனக்கு அனுமதித்த நாற்பத்தைந்து நிமிடம்
எப்போதோ முடிந்திருந்தது.
அதற்கு மேல் ஓடிய இருபதை
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
எக்செல்லை மூடிவிட்டேன்.