காரங்காட்டில் சிங்கம்

லீவு நாற்பது நாள். அதில் பதினேழு
கல்யாண வீடுகளுக்கும் மய்யத்து வீடுகளுக்கும்
பத்திர ஆபீஸுக்கும் போய்விட்டது.
பதினெட்டாம் நாள் காலை, சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டே
"புள்ளய எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்" என்றார்,
புள்ளை கதவுக்குப் பின்னால் நின்று
கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல்.

பனைக்குளத்திலிருந்து வாடகைக் கார்.
தேவிபட்டினம் தாண்டும்வரை நஃபீலுக்கு ஒரே கேள்விதான்,
அதுவும் என்னிடம்: "சிங்கம் இருக்குமா?"
"இருக்கும்" என்றேன்.
உப்பூரில் டீ குடிக்கும்போது
"கேட்டுப் பார்க்கலாம்" என்று திருத்திக்கொண்டேன்.

சிங்கம் இல்லை.
பலகையில் படம் போட்டிருந்தார்கள்:
கடற்பசு, பூநாரை, கடல்குதிரை, ஆமை.
"இதெல்லாம் இப்ப இருக்கா?" என்றார் இவர்,
ஷார்ஜாவில் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும் குரலில்.
டிக்கெட் கிழித்த செல்சியா சிரித்தாள்.
"அதுங்களுக்கு நாங்க சம்பளம் குடுக்கலண்ணே.
இஷ்டம் இருந்தா வரும்."

ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைப் பர்தாவுக்கு மேல் மாட்டியதும்
காஸ் சிலிண்டர் மாதிரி இருந்தேன்;
அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.
ஒரு துடுப்புப் படகில் இரண்டு பேர்தான்.
அத்தாவோடு உட்காரு என்று நான் சொல்லி முடிக்குமுன்
நஃபீல் செல்சியாவின் படகில் ஏறிவிட்டான்,
தண்ணீரையே பார்த்துக்கொண்டு.

அப்படித்தான், கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
முதல் தடவையாக
நாங்கள் இருவர் மட்டும் ஒரு இடத்துக்குப் போனோம்.

நான் முன்னால், அவர் பின்னால்.
"அக்கா, திரும்பிப் பாக்காதீங்க, கவுந்துரும்."
ஓடைக்குள் நுழைந்ததும் காற்று நின்றது.
இருபுறமும் அலையாத்தி; சேற்றுக்கு மேலே
மூச்சுவேர்கள், சீவி நட்ட பென்சில்களாய்.
என் துடுப்பில் அவர் துடுப்பு இடித்தது.
"வலது."
"எனக்கு வலதா?"
"ரெண்டு பேருக்கும் ஒரே வலதுதான்."
மறுபடி இடித்தது.

முகம் இல்லை, குரல் மட்டும்.
எனக்கு அது பழக்கம்தான். ஒன்பது வருஷமாய்
அந்தக் குரலோடுதான் குடும்பம் நடத்துகிறேன்:
அரிசி விலை, ஸ்கூல் ஃபீஸ், காய்ச்சல் எத்தனை டிகிரி.
ஆனால் போனில் மூச்சு கேட்காது.
மூச்சு வாங்கியது அவருக்கு. வயது நாற்பத்தொன்று.
அது எனக்குத் தெரியும்;
கேட்டதில்லை.

ஒரு வேரில் சொருகி நின்றோம்.
சேற்றில் ஒரு மீன், மீனேதான்,
தன் இரண்டு துடுப்பையும் ஊன்றி நடந்து வந்து
எங்களைப் பார்த்தது.
"இது எதுல சேத்தி, தண்ணியா தரையா?" என்றார்.
நான் பதில் சொல்லவில்லை. அவரும்
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அடுத்த லீவுக்கு..." என்று தொடங்கி, விட்டுவிட்டார்.
துடுப்பை வேரில் கொடுத்துத் தள்ளினார்.
நானும் தள்ளினேன்.

கடற்பசு வரவில்லை. ஒரு கொக்கு, இரண்டு நாய்.
கரையில் நண்டு வேண்டாம் என்றோம்,
பாறைமீன் வறுத்துத் தந்தார்கள்.
நஃபீல் முள்ளையெல்லாம் எடுத்து
தட்டோரம் வரிசையாய் அடுக்கினான்.
எதிரே அவரும் அதே மாதிரி, அதே ஓரத்தில்.
ஒருவர் தட்டை ஒருவர் பார்க்கவில்லை.
நான்தான் பார்த்தேன்.

ராத்திரி, கொப்புளம் உடைந்த உள்ளங்கையில்
எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
அடுத்த அறையில் லாத்தா மகளிடம் நஃபீல்:
"பெரிய சிங்கம். தண்ணிக்குள்ளேர்ந்து வந்துச்சு.
எங்க அத்தா துடுப்பால
ஒரே அடி."

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்,
சரியாகக் கேட்பதற்காக.