சும்மா இருக்கும்போது

ஒரு கப்பலின் வயிற்றைத்
தண்ணீர் எப்படித் தடவிப்போகும் என்று
அவ்ஸ்ட்ரிஸ் இரவெல்லாம் கணக்குப் போடுகிறான்.
போடுவது அவனல்ல, மேசைக்கடியில் பெட்டி.
அவன் குறட்டை விடுகிறான்.
பெட்டியும் விடுகிறது.
நடுவே நான்,
மூன்றரைக்கு எழுந்து
ரீகாவின் முதல் டிராம் கிளம்புமுன்
ஆற்றோரமாகவே நடந்து
ரை மாவு பிசையப் போகிறவள்.

செப்டம்பர் மின்கட்டணம் வந்தது.
அவன் தாளைப் படித்தான்.
நான் அவனைப் படித்தேன்.

சனிக்கிழமை பெட்டியை அணைத்து எழுப்பி
டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தான்,
உள்ளே ஆளிருப்பது தெரிந்து
அழைப்புமணியை விடாமல் அழுத்துகிறவன் மாதிரி.
மதர்போர்டின் உள்ளறை திறந்தது.
கறுப்புத் திரை, சிவப்பு எழுத்து,
பாதிக்கு மேல் அவனுக்கே புரியாத பெயர்கள்.

'தேவைக்கு மேல ஊட்டுறாங்க, சைகா.
எல்லாச் சில்லுக்கும் ஒரே அளவு.
இருக்கிறதிலேயே சோனியானதும்
பிழைச்சுக்கணும்னு.'

புரிந்தது.
எங்கள் பேக்கரி ஏப்ரன்களும் அப்படித்தான்,
ஆகப் பெரிய உடம்புக்கு வெட்டியவை.
நாடாவை நான் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறேன்.

மைனஸ் ஐம்பது மில்லிவோல்ட்.
எண்பத்தொன்பது டிகிரி எண்பத்திரண்டானது.
மைனஸ் எண்பது. எழுபத்தாறு.
மைனஸ் நூறு. எழுபத்தொன்று.
வேகம் ஒரு இம்மியும் குறையவில்லை.
மூச்சிரைத்த விசிறி
முணுமுணுப்புக்கு இறங்கியது.
அங்கேயே நின்றிருக்கலாம்.
நூற்றிருபது போட்டான்.

சோதனை என்று எட்டு மணி நேரம் வதைத்தான். தாங்கியது.
கப்பலும் ஒரு முழு இரவு நனைந்தது.
நான் தூங்கினேன், அலாரம் அடித்தும் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு மதியம்.
வேலை ஒன்றுமில்லை பெட்டிக்கு,
திரையில் கடிகாரம் மட்டும்.
அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
பொட்டென்று போய்விட்டது.

'எட்டு மணி நேரம் நின்னுச்சே!'
கத்தியை நீட்டி
பெட்டியிடமே கேட்டான்.

பிறகு தரையில் உட்கார்ந்து சொன்னான்:
வேலையில்லாதபோது
அது தானாகவே மின்னழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்ளும்.
தாழ்ந்த இடத்திலிருந்தும்
நாம் நூற்றிருபதைப் பிடுங்கியிருக்கிறோம்.
ஏதோ ஒரு சின்ன வேலை வந்து தோளைத் தொட்டிருக்கும்,
எழுந்திருக்கத் தெம்பில்லை.

இருநூற்றைம்பது டிகிரி அடுப்பின் முன்
வாரத்தில் ஆறு நாள் நிற்கிறேன்,
ஒரு தும்மல் கிடையாது.
காய்ச்சல் எனக்கு விடுமுறையில்தான் வரும்.
ஈஸ்டரன்று அக்கா போனில்
'சாப்பிட்டியா' என்று கேட்டதற்கு
குளிர்சாதனப்பெட்டியில் சாய்ந்து
அரை மணி நேரம் அழுதேன்.
அது அவனுக்கு ஞாபகம் வந்ததா, தெரியாது.
நான் கேட்கவில்லை.
உருளைக்கிழங்கு கறுக்கத் தொடங்கியிருந்தது.

திரும்ப உயிர் வரவில்லை.
அதே கத்தி முனையால்
மதர்போர்டின் காசு பேட்டரியை நெம்பினான்.
ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தான்.
மறுபடி பொருத்தியதும் எழுந்த பெட்டி
எல்லாவற்றையும் மறந்திருந்தது,
நாங்கள் இன்னும் சந்தித்திராத
ஏதோ ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியைக் காட்டியது.
'இன்னிக்கு என்ன தேதி?' என்றான்.
சொன்னேன்.

மைனஸ் நூறு என்று தட்டினான்.
'தாங்கும்' என்றான்.
'தாங்கும்தான்.
எண்பது போடு.'

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
எண்பது போட்டான்.

அக்டோபர் பாதிவரை
கட்டடத்துக்கு வெந்நீர்க் குழாய்ச் சூடு வராது.
போன வருஷம் வரை
படுக்கையிலிருந்து காலை நீட்டி
பெட்டியின் முதுகில் வைத்துக்கொள்வேன்.
இன்றும் நீட்டினேன்.
வெதுவெதுப்பாய் ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
கம்பளிக் காலுறை
எந்த இழுப்பறையில் கிடக்கிறதோ.