பாக்குத் தோப்பின் உயரம்

வாழப்பாடிக்கு மேற்கே
சேர்வராயன் தன் மழையை இறக்கிவைக்கும் சரிவில்
என் வரைபடத்தில் ஒரு குன்று இருந்தது.
பச்சை நிறம். ஆபத்து இல்லை.
பதினொரு மீட்டர்.

போய்ப் பார்த்தேன். குன்றைக் காணோம்.
பாக்குத் தோப்பு.
எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பாவாயி
"யார் வேணும்?" என்றாள்.

வானத்திலிருந்து அளந்த கருவி
மர உச்சிகளைத் தரையென்று எழுதியிருக்கிறது.
முப்பது மீட்டர்க் கட்டத்துக்கு ஒரே ஓர் எண்.
அதற்குள்தான் அவள் வீடு, கிணறு, எருமைகள்,
தவணை முடியாத டிவிஎஸ் வண்டி.

விளக்கினேன். சிரித்தாள்.
"அப்ப நான் மரத்து மேலயா குடியிருக்கேன்?
ஐப்பசியில சிலிண்டர் மிதந்து போயி
சேகோ ஆலைச் சுவத்துல முட்டி நின்னுச்சே,
அதை உங்க மேல இருக்கிறவன் பாக்கலையா?"

சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தாயிற்று;
சேற்றுக்கோடு இல்லை.
காலண்டர் மட்டும் இருந்தது.
இருபத்தி மூன்றாம் தேதிக்குக் கீழே
தாள் உப்பி, மை கலைந்து.
டேப்பைப் பிடித்தேன்: நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

இரவு லாட்ஜில் உட்கார்ந்து
படத்திலிருந்து மரங்களைக் கழித்தேன்.
குன்று தணிந்தது, குழியாயிற்று.
ஏற்காட்டில் மூன்று மணி நேரம்
கனமழையை விட்டுப் பார்த்தேன்.
நீலம் ஓடையை விட்டு ஏறி, தோப்பைச் சுற்றி,
அவள் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது.
சரியாக வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.
அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காலையில் அவளே கூப்பிட்டாள்.
"அந்தப் படம் பேங்க்குக்கும் போகுமா?"
போகும் என்றேன்.
போனில் எங்கோ ஒரு மட்டை விழுந்தது.
"போர் போட லோன் கேட்டிருக்கேன்.
கலரை மாத்தச் சொல்லலை.
தை வரைக்கும் கொஞ்சம்
மரத்து மேலயே இருந்துக்கறேனே."

பதில் என்னிடம் இல்லை.
கோப்பு இன்னும் அனுப்பப்படவில்லை;
அனுப்பாமலும் இருக்க முடியாது,
அதே நீலத்தில் இன்னும் நாற்பது கூரைகள்.

ஏற்காட்டில் கொட்ட ஆரம்பித்தால்
உங்கள் வாசலுக்கு இரண்டு மணி பத்து நிமிடம்.
அதை மட்டும் சொன்னேன்.
இருங்க எழுதிக்கறேன் என்றாள்.
பேனா தேடும் சத்தம்.
காலண்டரிலேயே எழுதினாளாம்.
ஆணியை இந்தத் தரம்
ஒரு சாண் ஏத்தி அடிச்சிருக்கேன் என்றாள்.