வாடை

ஷட்டரைத் தூக்கும்போது துருப்பொடி தலையில் கொட்டுகிறது.
பதினோரு மாத வாடகை பாக்கி.
கீழே ஜெராக்ஸ் கடைப் பையன் மட்டும்
'என்னக்கா, திறந்துட்டீங்களா?' என்றான்.
திறந்துட்டேன் தம்பி. இன்னும் ஆரம்பிக்கலை.

'தேன்மொழி குழந்தைப் பராமரிப்பு சேவை' என்ற போர்டில்
தேன் மட்டும் வெயிலில் வெளிறிப்போய்விட்டது.
மொழி, குழந்தைப் பராமரிப்பு என்று
எழுத்துக்கூட்டி வாசித்தபடியே படியேறுகிறாள்
வேலை கேட்டு வந்த ஒருத்தி.

பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
சிவப்பு மையால் அடித்திருப்பது ஊருக்குப் போனவர்களை.
பென்சில் கோடு, போன் எடுக்காதவர்களுக்கு.
வேதநாயகிக்கு எதைப் போடுவதென்று தெரியாமல்
அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.
ஸ்டான்லியில் கட்டில் நம்பர் வரைக்கும்தான் சொன்னார்கள்.

அவள் வளர்த்த கீழ்ப்பாக்கத்துப் பையன்
'வேதா எப்ப வரும்?' என்று இன்னமும் கேட்கிறானாம்.
அவன் அப்பா போனில் சொன்னார்.
அதே மாதிரி ஆள் வேண்டும் என்றார்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
கமிஷனைக் குறைக்க முடியுமா என்றார்.

முன்பெல்லாம் நான் மூக்கால்தான் ஆள் எடுப்பேன்.
எதிரே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து
பேச்சோடு பேச்சாக ஓர் இழுப்பு.
புகையிலை தெரிந்துவிடும். ஈரம் காயாத துணி தெரியும்.
புருஷன் குடித்தது புடவையில் ஏறியவளையும் தெரியும்.
அவளை வேண்டாமென்று சொன்னதில்லை,
ராத்திரி தங்குகிற வீடாகப் பார்த்து அனுப்புவேன்.

இப்போது மூக்கு முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.
இரண்டாம் அலையில் போனது.
கிராம்பு, எலுமிச்சை, தைலம், ரோஜா என்று
தினம் இரண்டு வேளை மோந்து பார்க்கச் சொன்னார் டாக்டர்.
கிராம்பு பழைய காகிதம்.
ரோஜா அதுகூட இல்லை.

வீடுகளும் மாறிவிட்டன.
எந்த ஊசி, எத்தனை டோஸ், ரயிலில் வருவாளா,
இருமினால் லீவு எடுப்பாளா,
எடுத்தால் சம்பளம் பிடிக்கலாமா.
சோழிங்கநல்லூரில் பதினான்காம் மாடியில் ஒரு குழந்தை,
ஒன்றரை வயது, வெளியாள் முகத்தை முழுதாய்ப் பார்த்ததே இல்லை.
ஜெபக்கனி மாஸ்க்கை இறக்கிச் சிரித்ததும் வீறிட்டு
தானே கை நீட்டி மேலே ஏற்றிவிட்டதாம்.
'அழகாத்தான் இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா.'
மூன்றாம் நாள் மூக்கு வரைக்கும் அனுமதி.
வாய் தெரிய ஒரு வாரம் ஆனது.
அன்றைக்குத்தான் பதிவேட்டில் முதல் வரவு எழுதினேன், நாலாயிரம்.

செங்கமலத்துக்கு அண்ணாநகரில் இரட்டைப் பிள்ளைகள் கிடைத்தார்கள்.
அவள் பிள்ளைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.
வியாசர்பாடி பால்வாடிக்கு இன்னும் பூட்டு.
காலையில் அவனை என் மேசைக்கடியில் விட்டுவிட்டு
திரும்பிப் பார்க்காமல் படி இறங்குகிறாள்.
திரும்பிப் பார்த்தால் அழும், விறுவிறுவென்று போய்விடு என்று
எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தவள் நான்.

அவன் அழுவதில்லை.
ரப்பர் ஸ்டாம்பை எடுத்து
தொடையெல்லாம் என் கம்பெனி முகவரியைக் குத்திக்கொள்கிறான்.
மதியம் மடியில் தூங்குகிறான்.
உச்சந்தலையில் முகத்தை வைத்துப் பார்ப்பேன்.
ஒன்றும் வராது. சூடு மட்டும்.

நேற்று புதுப் பார்ட்டி ஒருவரிடம்
எங்கள் ஆட்களின் சுத்தத்தைப் பற்றி
விளக்கிக்கொண்டிருந்தேன்.
மடியில் வெதுவெதுவென்று பரவியது.
எழுவதற்குள் பதிவேடு வரை ஓடிவிட்டது.
பென்சில் அப்படியே நிற்க
சிவப்பு மை கரைந்து
போனவர்கள் வரிமேல் வரியாக ஒருவர்மேல் ஒருவர் வழிந்தார்கள்.

துடைக்கக் குனிந்தவள் நின்றேன்.
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.
மூத்திர வாடை.
ஒன்பது மாதத்துக்கப்புறம், சுள்ளென்று.

'மேடம், லைன்ல இருக்கீங்களா?'

இருக்கேன் சார்.
ஒரு நிமிஷம்.