நாற்பது மைக்ரான்

மாமாங்கத்தில் கடை போட்டவளுக்கு
முதல் எதிரி தூசி.
வெள்ளைக்கல் லாரி ஒன்று போனால் போதும்,
கழுவி நிறுத்திய கறுப்புக் கார்
திருநீறு பூசிக்கொள்ளும்.
துடைக்காமல் மெஷினை வைத்தால்
மலையை வைத்துக் காரைத் தேய்த்த மாதிரி.

முதலில் வாங்கியது சுழல் மெஷின்.
செவ்வாய்ப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட்,
பேரம் பேசி இரண்டாயிரத்து எழுநூறு.
மூன்று கிலோ எடை, ஒரே அச்சு, ஒரே வெறி.
கையை இழுத்தது, தோளை இழுத்தது.
ஒரு மத்தியானம் அம்பலவாணன் காரின்
பானெட் விளிம்பில் அரை நொடி நின்றுவிட்டேன்.
அரை நொடிதான்.
கல்லில் மறந்த தோசை போல ஓரம் தீய்ந்து
அடியிலிருந்து சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது.
பெயின்ட் செலவு ஒன்பதாயிரம், என் கையிலிருந்து.
அவர் திட்டவில்லை.
அந்த விளிம்பை விரலால் ஒரு தரம் தடவினார்.
திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அடுத்ததை வாங்கப் போனபோது
கடைக்காரன் வாட்ஸ் வாட்ஸ் என்றான்.
நான் கேட்டேன்:
தட்டு எத்தனை மில்லிமீட்டர் விலகி ஆடும்?
ஒயர் காரின் கூரையைத் தாண்டுமா?
கார்பன் பிரஷ் தேய்ந்தால் இங்கேயே கிடைக்குமா,
கோயம்புத்தூருக்கு போன் போட்டுக் காத்திருக்கணுமா?
பிடியைப் பிடித்தபடியே
சுவிட்சை என் கட்டைவிரல் எட்டுமா?
அப்போதுதான் அவன் என் கையைப் பார்த்தான்.
டப்பாவைப் பிரித்துக் கொடுத்தான்.

இது சுற்றிக்கொண்டே ஆடும், பதினைந்து மில்லிமீட்டர்.
ரோஷக்காரி. அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும்.
தட்டின் ஓரத்தில் மார்க்கரால் கோடு கிழித்திருக்கிறேன்.
கோடு சுற்றினால் வேலை நடக்கிறது.
கோடு நடுங்கினால்
எனக்கு வீட்டுக்குப் போக அவசரம்.

நேற்று செம்மநத்தத்திலிருந்து காத்தவராயன்,
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தான்.
கூரை முழுக்கக் குரங்கு நகம்,
கதவில் சில்வர் ஓக் கிளை இழுத்த கோடு.
"நாளைக்கு வண்டிய விக்கிறேன்க்கா.
கண்ணாடியாட்டம் இருக்கணும்."

மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
எனக்கு முன்பே யாரோ இரண்டு முறை
கண்ணாடியாக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.
மேல்பூச்சு புதிதில் நாற்பது மைக்ரான்,
தலைமுடியில் பாதிக் கனம்.
ஜனங்கள் மினுக்கைப் பூசுகிறோம் என்று நினைக்கிறார்கள்.
நாங்கள் எடுக்கிறோம்.
கீறலின் அடிமட்டம் வரை
ஊரையே இறக்கிவிட்டுக்
கீறல் போய்விட்டது என்கிறோம்.

"இதுல எடுக்க ஒண்ணுமில்லப்பா."
"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் நின்னா போதும்க்கா."
"வாங்குறவனும் இந்த வெயில்லதான ஓட்டுவான்?"
பதில் இல்லை. போனைப் பார்த்தான்.
நானும் வாடகைத் தேதியை நினைத்துக்கொண்டேன்,
பொய் சொல்வானேன்.

மெத்தென்ற பேடு, குறைந்த வேகம்,
பட்டாணியளவு மருந்து நாலு சொட்டு.
சிலந்திவலைகள் போயின.
குரங்கின் கையெழுத்து இருந்தது.
பாதிப் பணம் கொடுத்தான்,
பாதி வேலைக்குப் பாதி என்றான்.
நியாயமா இல்லையா, இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

ராத்திரி பீர்முகமது பேடுகளை
வெதுவெதுப்பான நீரில் அலசிக்
கவிழ்த்துப் போட்டான், முகம் கீழே.
ஈரம் தைத்த பக்கம் தங்கினால் பசை விட்டுவிடும்.
நான் மெஷினுக்குக் காற்றடித்தேன்.
துவாரத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்பியது,
இரண்டு மாதம் அது விழுங்கிய மாமாங்கம்.
ஓடவிட்டேன். குரலில் ஒரு கரகரப்பு.
மூடியைத் திருகி பிரஷை எடுத்தால்
துவரம்பருப்பளவு மிச்சம்.
புதுசு இரண்டு டிராயரில் இருந்தது.
வாங்கும்போதே கேட்டவள் நான்.

மாற்றிவிட்டு டீ கிளாஸைத் தூக்கினேன்.
மெஷின் ஆணியில் தொங்குகிறது, பிளக் பிடுங்கியாகிவிட்டது.
டீயில் மட்டும்
சின்னச் சின்னதாய் வட்டம்.