அதே முப்பத்தொன்று

பதினைந்து சொற்கள் சொல்வேன்,
நொடிக்கு ஒன்றாக, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல்:
ஏணி, வாளி, தேன், கப்பல், ஆணி...
முடிந்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அல்சீட் ப்ரூசார்ட் நான்கு சொன்னார்.
ஐந்தாவதாக "வெர்லீன்" என்றார்.
பட்டியலில் இல்லாத சொல்.
வெளியே, காபி இயந்திரத்தின் அருகே,
கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்
மனைவியின் பெயர்.
பிழைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
விதி அப்படி.

பதினோரு பருவங்கள் தலையால் முட்டிப் பிழைத்தவர்.
டாலஸில் ஒருமுறை மயங்கி எழுந்து
எதிரணி வரிசையில் போய் நின்றாராம்.
அரங்கமே சிரித்ததாம்.
சொல்லும்போது அவரும் சிரித்தார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
அதை மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் கென்ட் ஆஸ்டர்கார்ட்.
அதே அணி, அதே வரிசை,
களத்தில் இவருடைய இடது தோளை ஒட்டி நின்றவர்.
ஒரே மாத்திரையில் வலியை விழுங்கியவர்கள்.
படித்த ஆண்டுகள்கூட ஒன்றுதான்.
அவருக்கும் முப்பத்தொன்று.
இவருக்கும் முப்பத்தொன்று.

அடுத்து, கணினி ஒரு கேள்வி கேட்கும்:
இனம்?
அம்பை அழுத்தினால் பெட்டி திறக்கும்.
நான்தான் தேர்ந்தெடுப்பேன்.
முப்பத்தொன்று
ஆஸ்டர்கார்டின் அட்டவணையில் சரிவு.
ப்ரூசார்டின் அட்டவணையில்
இயல்பு.

ஒருவருக்குக் காசோலை.
மற்றவருக்கு
"பின்னணிக்கு ஏற்ற நிலை" என்று ஒரு கடிதம்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள் இதை.
சொல்லியே ஆக வேண்டும்.
ஒழுகும் கூரைக்கடியில் பாடம் கேட்ட கிழவரை
நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாதே என்று
யாரோ இரவெல்லாம் விழித்து
இந்த இரண்டாம் அட்டவணையைக் கட்டியிருப்பார்.
எண்ணம் நல்லது.
எண்தான்
வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டது.

போன வசந்தத்தில் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினார்கள்.
சான் அன்டோனியோ. கம்பளம் விரித்த கூடம்.
ஒருவர் திரையில் இரண்டு குன்றுகள் வரைந்தார்,
ஒன்றின் தோளில் மற்றொன்று சாய்ந்தாற்போல.
"இடைவெளி இருக்கிறது.
கூலி, சிறை, ஆயுள் எல்லாம் இதன் நிழல்" என்றார்.
ஒரு பெண் எழுந்தார்:
"நிழலைக் காட்டி மரம் என்கிறீர்கள்.
குழாய்த் தண்ணீரில் ஈயம் வந்த தெருக்களையும்
இதே திரையில் போடுங்கள்."
இரண்டு பேருக்கும் கைதட்டல் விழுந்தது.
மதியம் கோழியும் பச்சைப் பட்டாணியும்.
எச்சில் தட்டுகளை எடுத்துப் போனவர்களை
எந்தக் குன்றில் ஏற்றியிருக்கிறது என்று
யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மூன்று வாரம் கழித்து
வெர்லீன் கடிதத்தோடு வந்தார், கணவரையும் அழைத்துக்கொண்டு.
குரல் உயரவில்லை.
"இயல்பு என்றால்,
அடுப்பின் குமிழ்களைக் கழற்றி
என் கைப்பையில் ஏன் வைத்திருக்கிறேன்?"
எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கு.
ஒன்று உருண்டு என் விசைப்பலகையில் முட்டி நின்றது.
"அவரை மோதினவர்கள்
அட்டவணை பார்த்துவிட்டா மோதினார்கள்?"

மேற்பார்வையாளரைக் கேளுங்கள் என்றேன்.
அதுவும் விதி.

சன்னலுக்குக் கீழே வாகன நிறுத்தம்.
ஷ்ரீவ்போர்ட்டின் ஆகஸ்ட் வெயில்.
சாவியோடு அல்சீட் முன்னே போகிறார்.
வெர்லீன் வேண்டுமென்றே மெதுவாகப் பின்னால்.
முதல் சாம்பல்நிறக் கார். இல்லை.
இரண்டாவது. இல்லை.
மூன்றாவதன் கூரையில் கை வைத்து,
சுடுவதுகூடத் தெரியாமல்,
யாருக்கோ காத்திருப்பவர்போல் நிற்கிறார்.
பழக்கதோஷம், நொடிகளை எண்ணுகிறேன்.
நூற்று நாற்பதில் ஒரு கை அவர் முழங்கையைத் தொடுகிறது.

நூற்று நாற்பது.
எழுத ஒரு கட்டமும் இல்லை.
திரையில் பெட்டி திறந்தே கிடக்கிறது.
அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.
ஏணி, என்கிறேன்.
வாளி.